வியாழக்கிழமை மூட்டை

அத்தியாயம் 7

"இன்னாக்கா இது, எல்லாரும் கழுத்துல பை மாட்டிக்கினு போறாங்க. பால்வாடிக்கா போறாங்க?"

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து லோகு இதைக் கேட்டபோது, எதிரே சுடர்வேல் காஸ்டிங்ஸ் தொழிற்சாலையின் கேட்டுக்குள் காலை ஷிஃப்ட் நுழைந்துகொண்டிருந்தது. நீல உடுப்பு போட்டவர்கள் நிரந்தரத் தொழிலாளர்கள். சாம்பல் நிற உடுப்பு போட்டவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அந்தச் சாம்பல் வரிசையில்தான் ஆளுக்கொரு சின்னத் துணிப்பை, நாடா கட்டிக் கழுத்திலிருந்து தொங்கியது. போன், பீடிக்கட்டு, வீட்டுச் சாவி எல்லாம் அதற்குள்.

சாராள் அந்தப் பைகளைப் பார்த்தாள். டீயைக் குடித்தாள். 

அவள் ஒன்றும் சொல்லாமலிருந்தால் ஏதோ யோசிக்கிறாள் என்று லோகுவுக்குத் தெரியும். சாராள் ஒருகாலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக எரிந்துபோன கடைகளைப் பார்வையிட்டு, எது தானாகப் பற்றியது, எதை முதலாளியே பற்றவைத்தார் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். இப்போது திருவள்ளூர் கோர்ட்டுக்கு எதிரில், ஜெராக்ஸ் கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறாள். ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த லோகு அங்கே டிரைவர், போட்டோகிராபர், பியூன் எல்லாம். அவனிடம் குறைவாக இருந்தது சம்பளம் மட்டும்தான். பேச்சுக்குக் குறைவே இல்லை.

இந்த வழக்கை அவர்களிடம் கொடுத்தவர் இதே தொழிற்சாலையின் ஜெனரல் மேனேஜர் ஆதிநாராயணன். முந்தின நாள் தன் ஏ.சி. அறையில் உட்காரவைத்து விவரம் சொன்னார். உருக்கில் கலக்கிற நிக்கல் வில்லைகள் கொஞ்ச காலமாகவே இருப்பில் குறைகின்றன. சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிய சாமான்; கை நிறைய அள்ளினால் ஒருத்தருடைய நாள் கூலி. கிறிஸ்டினா என்ற பெண் தன் பிரைவேட் லிமிடெட் கம்பெனி மூலம் இங்கே ஆட்களை அனுப்புகிறாள். வார்ப்புகளின் பிசிறைக் கிரைண்டரில் தேய்த்து எடுக்கிற வேலை. அந்தக் கம்பெனிப் பணத்தைப் போட்டே காக்களூரில் இன்னொரு தொழில் தொடங்கியிருக்கிறாள். ஆள் அனுப்புகிற தொழிலில் அவ்வளவு எப்படி மிஞ்சும் என்பது அவருடைய கேள்வி.

"அவ அப்பன் ஆசீர்வாதம் கண்டவன் நிலத்துல நாத்து நட்டவன். பொண்ணுக்கு மெஷின் வாங்க டப்பு எங்கேர்ந்து வருது?"

பதிலையும் அவரே சொல்லிவிட்டார். வியாழக்கிழமைதோறும் அவள் வண்டி, ஆட்களின் அழுக்குத் துணி மூட்டையை வெளியே எடுத்துப்போகிறது. நாற்றம் தாங்காமல் செக்யூரிட்டி அதை அவிழ்ப்பதில்லை. நிக்கலை பேண்ட் பாக்கெட்டுகளில் போட்டு, துணியோடு துணியாகக் கடத்துகிறார்கள். பின்னாலேயே போய், அங்கே மூட்டையை அவிழ்க்கவைத்து ஒரு வீடியோ எடுத்தால் போதும்.

சாராள் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். மூட்டையை நீங்கள் எப்போதாவது அவிழ்த்துப் பார்த்தீர்களா?

இல்லை என்றார் ஆதிநாராயணன்.

இன்று வியாழக்கிழமை. நாளைக்குக் கிறிஸ்டினாவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவேண்டிய நாள். வீடியோ கிடைத்தால் ஒப்பந்தம் ரத்து, போலீஸ் புகார், அந்தச் சாம்பல் வரிசை மொத்தமும் வீட்டுக்கு. லோகுவுக்கு டீ கசந்தது. ஆனால் அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. அவனுடைய பழைய வாடகைப் பாக்கி அதில்தான் அடைந்திருந்தது.

கேட் திறந்து கிறிஸ்டினாவின் குட்டி யானை மினி லாரி வெளியே வந்தது. பின்னால் பெரிய துணி மூட்டை. செக்யூரிட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு போ போ என்று கையை ஆட்டினார்.

"பின்னாடியே போ," என்றாள் சாராள்.

கவரப்பேட்டை, பெரியபாளையம், வெங்கல் என்று வண்டி அவசரமில்லாமல் போனது. திருட்டுச் சரக்கோடு போகிறவன் நடுவழியில் நிறுத்திக் கொய்யாப்பழம் பேரம் பேசுவானா என்று லோகு கேட்டான். நாஷ்டாகூடச் சாப்பிடாமல் தங்கள் ஆம்னி வேனில் உட்கார்ந்து அவன் பேரம் பேசுவதைப் பார்ப்பது பெரிய பேஜாரு என்றும் சேர்த்துக்கொண்டான். வண்டி திருவள்ளூருக்குள் போகாமல் காக்களூர் தொழிற்பேட்டைக்குத் திரும்பி, ஒரு நீளமான ஷெட்டின் முன்னால் நின்றது.

ஷெட்டின் நெற்றியில், தெருக்கோடியிலிருந்தே படிக்கிற மாதிரி போர்டு. 'கிறிஸ்டினா இண்டஸ்ட்ரியல் சர்வீசஸ் பிரைவேட் லிமிடெட், லாண்டரி பிரிவு. தொழிற்சாலைச் சீருடைகள் சலவை செய்து தரப்படும்.'

"ரகசியத் தொழிலுக்கு இம்மாம்பெரிய போர்டா?" என்றான் லோகு.

உள்ளே நீராவியும் சோப்பு வாசனையும். ஆள் உயரத்துக்குச் சலவை இயந்திரங்கள். ஒரு பக்கம் பெண்கள் இஸ்திரி போட்டார்கள். இன்னொரு பக்கம் ஒரு பெண் சாம்பல் நிறப் பேண்டை மடியில் போட்டு, சின்னக் கத்தரிக்கோலால் தையல் பிரித்துக்கொண்டிருந்தாள். கிறிஸ்டினா காதில் பேனாவோடு வந்தாள். நாற்பதைத் தொடாத வயது, உரத்த குரல். அவளும் அதே சாம்பல் உடுப்புதான் போட்டிருந்தாள்.

ஏற்கெனவே பேசி வைத்திருந்தபடி லோகு ஆரம்பித்தான். மீஞ்சூரில் தங்களுக்கு ஒரு கம்பெனி இருப்பதாகவும், சீருடை வெளுக்க ஆள் தேடுவதாகவும் சொல்லி, கம்பெனிக்குப் பெயரும் அங்கேயே வைத்தான். கிறிஸ்டினா பொறுமையாகக் கேட்டாள்.

"துணி வெளுக்க வர்றவங்க கையில ஒரு அழுக்குத் துணியாவது இருக்கும், தம்பி. உங்ககிட்ட அழுக்கா இருக்கிறது அந்த ஆம்னி ஒண்ணுதான். அது கவரப்பேட்டையிலேர்ந்து பின்னாடியே வருதுன்னு என் டிரைவர் அப்பவே போன் பண்ணிட்டான். கொய்யாப்பழம் வாங்குனதே நீங்க நிக்கிறீங்களான்னு பார்க்கத்தான்."

லோகு சாராளைப் பார்த்தான். சாராள் சிரிக்காமல் தன் கார்டை எடுத்து நீட்டினாள்.

கிறிஸ்டினா கார்டைப் படித்தாள். கத்துவாள், கதவைச் சாத்துவாள் என்று லோகு எதிர்பார்த்தான். அவள் கதவை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டாள்.

"யாரு அனுப்புனதுன்னு நான் கேட்க மாட்டேன், எனக்குத் தெரியும். பணம் எங்கேர்ந்து வந்துதுன்னு பார்க்கத்தானே வந்தீங்க? வாங்க, மெஷினை ஒவ்வொண்ணாத் தொட்டுக் காட்டுறேன்."

காட்டவும் செய்தாள். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து தனக்கென்று எடுத்துக்கொண்டது ஒரு சூப்பர்வைசரின் சம்பளம் மட்டும்தான். வரி கட்டி, ஆட்களுக்கு பி.எஃப். கட்டி மிஞ்சியதை வீடு கட்டவும் கார் வாங்கவும் எடுக்காமல் கம்பெனியிலேயே விட்டுவைத்தாள். லாண்டரி போடலாம் என்று தோன்றியதும் முதலில் பேங்குக்குத்தான் போனாள். ஈடாக நிலப் பட்டா கேட்டார்கள். அவளுடைய அப்பா வாழ்நாள் முழுக்கச் சேற்றில் நின்றவர். ஆனால் அந்தச் சேற்றில் ஒரு கைப்பிடிகூட அவர் பெயரில் இல்லை. அதனால், கம்பெனி செய்யலாம் என்று பதிவாகியிருக்கிற தொழில்களோடு சலவையையும் முறைப்படி சேர்த்துப் பதிவு செய்துவிட்டு, கம்பெனியின் சொந்த லாபத்திலேயே முதல் மெஷினை இறக்கினாள்.

"திருட்டுக் காசுன்னா நான் ஏன் அதுக்கு வரி கட்டப்போறேன்? இந்தத் தொழிற்பேட்டையில எத்தனை பேர் மச்சான் பேர்ல, பொண்டாட்டி பேர்ல ரெண்டாவது தொழில் வச்சிருக்காங்க. அவங்க யாரையும் பணம் ஏதுன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. என்னைக் கேட்கிறீங்க. கேளுங்க, இன்னும் சத்தமா கேளுங்க. என் போர்டு அதைவிட சத்தமா இருக்குது."

போன வாரம் சுடர்வேலின் நீல உடுப்புகளையும் தானே வெளுத்துத் தருவதாக விலை எழுதிக் கொடுத்தாளாம். இப்போது அந்த வேலையைச் செய்வது ஆதிநாராயணனின் மனைவியுடைய தம்பி. அங்கே போய்வந்த துணி போனதைவிட மோசமாக நாறும் என்றும், ஆட்களுக்கு உடம்பெல்லாம் அரிப்பு என்றும் கிறிஸ்டினா சொன்னாள். "தண்ணியைக் காட்டித் துணியை மிரட்டி அனுப்புறாங்க போல," என்றான் லோகு. இஸ்திரிப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

சாராள் மட்டும் தையல் பிரிக்கிற பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, இன்று வந்த மூட்டையைத் தன் முன்னால் அவிழ்க்க முடியுமா என்று கேட்டாள்.

"தாராளமா. பூமிகா, அவிழ்த்துக் கொட்டு. தம்பி, நீங்க வீடியோ எடுங்க. என் மூஞ்சியும் தெரியட்டும்."

பூமிகா என்ற பெண் முடிச்சை அவிழ்த்து மூட்டையைச் சிமெண்ட் தரையில் கொட்டினாள். லோகு போனைத் தூக்கிப் பிடித்தான். மேலே கிடந்தவை கருத்துப்போய், வியர்வை உப்புப் பூத்து, தீப்பொறி பட்டுப் பொத்தல் பொத்தலாக இருந்தன. நடுவில் சில பேண்டுகள் மட்டும் ஒன்றாகச் சுருட்டியிருந்தன. பூமிகா ஒன்றை உதறினாள்.

டக் டக்கென்று தரையில் வில்லைகள் சிதறின. வெளிச்சத்தில் வெள்ளையாக மின்னின.

பூமிகா இன்னொன்றை எடுத்தாள். அதன் இரண்டு பாக்கெட்டுகளும் கனத்துத் தொங்கின. அடுத்ததும் அப்படியே. இஸ்திரிப் பக்கத்தில் சிரிப்பு நின்றுபோனது.  இத்தனை நேரம் இவள் பேசிய பேச்சை லோகு நம்பிவிட்டிருந்தான். நாளைக் காலை அந்தக் கழுத்துப் பைக்காரர்கள் கேட்டுக்கு வெளியே நிற்பது கண்முன் தெரிந்தது.

கிறிஸ்டினா ஒரு பேண்டைத் தூக்கிப் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது. "இது நம்ம—" என்று தொடங்கியவளின் மணிக்கட்டைச் சாராள் பிடித்தாள்.

"ஒண்ணும் சொல்லாதீங்க. வீடியோ ஓடிக்கினு இருக்குது. லோகு, நிறுத்து."

அந்த நேரம் பார்த்து ஆதிநாராயணனிடமிருந்து போன் வந்தது. சாராள் அதை லோகுவிடம் கொடுத்து வெளியே போய்ப் பேசச் சொன்னாள். நடந்ததை அப்படியே சொல், ஒரு வார்த்தை கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம் என்றாள். லோகு வாசலில் நின்று சொன்னான். மறுமுனையில் பெரிய மூச்சு கேட்டது. ஆதிநாராயணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூட்டையோடு அவளையும் அழைத்துவந்தால் முதலாளி சரவணனையே கேட்டுக்குக் கூட்டிவருவதாகவும், வந்துசேரும்போது ஷிஃப்ட் மாறுகிற நேரம் என்பதால் அவளுடைய ஆட்களும் அங்கேயே இருப்பார்கள் என்றும் சொன்னார். "எல்லார் முன்னாடியும் ஆகட்டும். அப்பதான் மத்தவனுக்குப் பயம் வரும்."

லோகு உள்ளே திரும்பியபோது எதுவோ மாறியிருந்தது. சாராள் ஒரு பேண்டின் இடுப்புப் பட்டியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துகொண்டிருந்தாள். தையல் பிரிக்கிற பெண் அவளுக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். கிறிஸ்டினா இடுப்பில் கைவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கோபக்காரர்கள் மட்டுமே சிரிக்கிற சிரிப்பு அது.

"பூமிகா, அப்படியே திருப்பிக் கட்டு," என்றாள் கிறிஸ்டினா. "நானே கொண்டுபோறேன்."

திரும்புகிற வழியெல்லாம் லோகு கேட்டுப் பார்த்தான். 

"எங்கிட்ட சொன்னா இன்னாக்கா? நான் யார்ட்ட சொல்லப்போறேன்?"

"உங்கிட்ட சொன்னா, நாம போறதுக்கு முன்னாடி விஷயம் கேட்டுக்குப் போயிடும்."

லோகு வெங்கல் வரைக்கும் கோபமாக இருந்தான். அதற்குமேல் கோபத்தைத் தாங்க அவனால் முடியவில்லை, பேச ஆரம்பித்துவிட்டான்.

சுடர்வேல் கேட்டில் கூட்டம். ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்த சாம்பல் உடுப்புக்காரர்களை ஓரமாக வரிசையில் நிறுத்திவைத்திருந்தார்கள். நீல உடுப்புக்காரர்கள் உள்ளிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஆதிநாராயணன் வெள்ளைச் சட்டையில் முன்னால் நின்றார். பக்கத்தில் முதலாளி சரவணன், அதிகம் பேசாத இளைஞர். சலவைக்குத் துணி ஏற்றிக்கொண்ட ஒரு பச்சை வண்டி வெளியே போக வழியில்லாமல் கேட்டுக்குள்ளேயே நின்றது. அதுதான் ஆதிநாராயணனுடைய மச்சான் வண்டி என்று கிறிஸ்டினா கண்ணால் காட்டினாள்.

மூட்டையைத் தரையில் அவிழ்த்தார்கள். வில்லைகள் விழுந்தன. லோகு வீடியோவையும் போட்டுக் காட்டினான். வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. சரவணன் முகம் இறுகியது.

"பார்த்தீங்களா சார்," என்றார் ஆதிநாராயணன். "லேபரைக் கொண்டாந்து விட்டுட்டு, அவங்களை வச்சே நம்ம ஊட்ல கை வச்சிருக்கா. நான் அன்னைக்கே சொன்னேன்."

சாராள் அவரிடம் மரியாதையாகவே கேட்டாள். "எப்படி சார் எடுத்திருப்பாங்க? முதலாளிக்குப் புரியிற மாதிரி ஒரு தடவை சொல்லுங்க."

"இதுல இன்னா இருக்குது? வேலை நேரத்துல நிக்கலை அள்ளி பாக்கெட்ல போட்டுக்க வேண்டியது. புதன்கிழமை சாயங்காலம் வெளுத்த துணிக்கு மாத்துறப்போ பேண்டை அப்படியே கழட்டி மூட்டையில திணிக்க வேண்டியது. வெறுங்கையோட கேட்டைத் தாண்டிட வேண்டியது."

"வேலை பார்க்கிற பேண்ட் பாக்கெட்ல."

"பாக்கெட்லதான்."

சாராள் நகர்ந்து கிறிஸ்டினாவுக்கு இடம் விட்டாள். கிறிஸ்டினா வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"யேசுதாஸண்ணா, கொஞ்சம் இப்படி வாங்க. சார், இவரு பாக்கெட்ல கை விட்டுக் காட்டுங்க."

நரைத்த மீசைக்காரர் ஒருவர் வந்து நின்றார். ஆதிநாராயணன் எரிச்சலோடு கையை நீட்டினார். பாக்கெட் இருக்கவேண்டிய இடத்தில் விரல்கள் துணிமேல் வழுக்கின. மறுபக்கம் பார்த்தார். அங்கேயும் வெறும் துணி. பாக்கெட்டின் வாய் இருந்த இடத்தில் நெருக்கமாக ஒரு தையல் மட்டும். பின்பக்கமும் அப்படித்தான். சட்டையிலும் ஒன்றுமில்லை.

"அடுத்த ஆளைப் பாருங்க சார். யாரை வேணும்னாலும் பாருங்க."

வரிசை முழுக்க ஒவ்வொருவராகத் தொடைமேல் கையை வைத்து, தடவிக் காட்டினார்கள். யாரிடமும் பாக்கெட் இல்லை. லோகு வாய் பிளந்தான். காலையில் அவன் கேலி செய்த அந்தக் கழுத்துப் பைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

யேசுதாஸ்தான் சொன்னார். குரல் உயரவில்லை. "கிரைண்டர்ல நிக்கிறப்போ பொறி வந்து பாக்கெட்டுக்குள்ள உழும் சார். போன வருசம் எனக்குத் தொடை வெந்துபோச்சு. உங்க ரூம் வாசல்லதான் என்னைத் தூக்கிக்கினு வந்து போட்டாங்க. நீங்க போன்ல இருந்தீங்க. அந்த வாரமே இந்தம்மா எல்லார் துணியிலயும் பாக்கெட்டைப் பிரிச்சுத் தச்சுட்டாங்க. அப்போலேர்ந்து எங்களுக்குப் பாக்கெட் கிடையாது."

கிறிஸ்டினா மூட்டையிலிருந்து கனத்த பேண்ட் ஒன்றை எடுத்துச் சரவணனிடம் நீட்டினாள். அது ஸ்டோரில் கொடுக்கிற சாம்பல் துணிதான், ஆனால் பாக்கெட்டுகளோடு. தீப்பொறி பட்ட பொத்தல் ஒன்றுகூட அதில் இல்லை. முன்பக்கம் மட்டும் கிரீஸ் தடவியிருந்தது. இடுப்புப் பட்டியில் வியர்வை வாடையே இல்லாமல் புதுத்துணிக் கஞ்சி வாசனை அடித்தது. யாரும் ஒருநாளும் போட்டதில்லை. மூட்டை நேற்று ராத்திரி முழுக்கத் துணி மாற்றும் அறையில் கேட்பாரில்லாமல் கிடந்தது. யார் வேண்டுமானாலும் உள்ளே திணித்திருக்கலாம்.

"ஸ்டோர்ல புதுத் துணி எடுக்கத் தெரிஞ்சவரு செஞ்ச வேலை," என்றாள் சாராள். "ஆனா இந்த ஆளுங்க தினமும் எதிர்ல வந்தும், இவங்க துணியை ஒரு தடவைகூட உத்துப் பார்க்காதவரு. முதல் நாளே எங்கிட்ட பாக்கெட்லதான் இருக்கும்னு சொன்னாரு. மூட்டையை அவிழ்த்துப் பார்த்ததே இல்லைன்னும் சொன்னாரு. பார்க்காத மூட்டைக்குள்ள இருக்கிறது எப்படி சார் தெரிஞ்சுது?"

ஆதிநாராயணனின் கை இன்னும் பாதி நீண்டபடியே இருந்தது. அதை இழுத்துக்கொண்டு சாராள் பக்கம் திரும்பினார். "உனக்குப் பணம் குடுத்தது நானு."

"திருடனைக் கண்டுபிடிக்கத்தானே குடுத்தீங்க. கண்டுபிடிச்சுட்டேன்."

சரவணன் கையிலிருந்த பேண்டை மடித்தார். பிறகு கிறிஸ்டினாவிடம், ஒப்பந்தம் நாளைக்கு வழக்கம்போல் புதுப்பிக்கப்படும், இதை இத்தோடு விட்டுவிடலாம் என்கிற மாதிரி எதையோ தணிந்த குரலில் சொன்னார்.

"அது நாளைக்கு சார்," என்றாள் கிறிஸ்டினா. "இன்னைக்கு இவங்களைத் திருடனுங்க மாதிரி வரிசையில நிக்க வச்சீங்க. எனக்கு வேணாம், இவங்கள்ட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்புறம் அந்தப் பச்சை வண்டி. என் மூட்டையைத் தெருவுல அவிழ்த்தீங்க இல்ல? நிக்கல் நிஜமாவே காணாமப் போய்க்கினு இருக்குதுன்னா, அந்த மூட்டையையும் இங்கயே அவிழ்க்கணும். நாறுனா நாறட்டும்."

சரவணன் வரிசையைப் பார்த்தார். வரிசை அவரைப் பார்த்தது. யாரும் நகரவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு யேசுதாஸ் இருந்த பக்கம் நடந்தார். ஆதிநாராயணனுடைய பார்வை அவர்மேல் இல்லை. அது கேட்டுக்குள்ளே தாவிப் போயிற்று.

அங்கே பச்சை வண்டி சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்து, வளைந்து, பக்கவாட்டு கேட் வழியாக வெளியேறப் பார்த்தது. செக்யூரிட்டி என்ன செய்வதென்று தெரியாமல் மேனேஜரையும் முதலாளியையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குள் ஆம்னி உறுமியது. பக்கவாட்டு கேட்டின் குறுக்கே அது போய் நின்றபோது, இரண்டு பக்கமும் ஒரு சைக்கிள் நுழையக்கூட இடமில்லை.

லோகு இறங்கி, கதவைப் பூட்டி, சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே வந்தான். பச்சை வண்டி டிரைவர் ஹாரன் அடித்தான். வண்டியை எடுக்கச் சொல்லி ஆதிநாராயணன் கத்தினார். சாவியைப் பிடுங்க எட்டிக் கை நீட்டினார்.

லோகு யேசுதாஸின் முன்னால் போய் நின்றான். அவர் கழுத்தில் தொங்கிய பையின் வாயை விரித்து, சாவியை உள்ளே போட்டு, நாடாவை இழுத்து முடிந்தான்.

"எங்கிட்ட இருந்தா இன்னாத்துக்கு வம்பு," என்றான். "எனக்கு பாக்கெட் இருக்குது, சந்தேகப்படுவாங்க. நீயே வச்சிரு நைனா."